பூமிக்கு நிழல் இல்லாத வானம்: விஆர் வைத்து அறிவியல் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆண்டு 5 வகுப்புக்கு முதன்முதலாக விஆர் ஹெட்செட்டை, அதாவது தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சிக்குள் நிற்கவைக்கும் கருவியை, கொண்டுபோன அன்று வகுப்பே திருவிழாவாக இருந்தது. மாட்டியவன் "அம்மாடி!" என்று கத்தினான். வரிசையில் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சூரியக் குடும்பத்தைச் சுற்றிக் காட்டும் செயலி அது. சனியின் வளையத்துக்குள் பறக்கலாம், வியாழனைத் தலைக்கு மேல் பார்க்கலாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "சூப்பர் டீச்சர்!" மறுநாள் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, நிலா ஏன் தேய்கிறது, படம் வரைந்து காட்டுங்கள் என்றேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுந்து கிடந்தது. ஹெட்செட் மாட்டுவதற்கு முன்னால் என்ன நினைத்திருந்தார்களோ, அதையேதான் வரைந்திருந்தார்கள்.

அந்தத் தாள்களை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை பாடத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியதில் தேறியதைத்தான் கீழே எழுதுகிறேன். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில், இரவல் வாங்கிய மூன்று ஹெட்செட்டை வைத்துக்கொண்டு செய்தது. நிலவின் கலைகள் பாடத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு 5 பாடத்திட்டத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தது போலவும் இருக்கிறது. ஆனால் கேட்டுப் பார்த்தால் பெரியவர்களிலேயே பலர் நிழல் என்றுதான் சொல்வார்கள். நிழல் விழுவது கிரகணத்தில்தான்; நிலா தேய்வது, அதன் வெளிச்சப் பாதியில் நமக்குத் தெரியும் பங்கு குறைவதால்.

எதற்கு எடுப்பது, எதற்கு எடுக்காமல் இருப்பது

கண்ணுக்குத் தெரியாத விஷயமென்றால் விஆர் போடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்தக் கருத்து பிள்ளைக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம், அவன் தவறான இடத்தில் நிற்பதா? ஆம் என்றால் ஹெட்செட்டை எடுக்கலாம்.

நிலவின் கலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தரையில் நின்று பார்க்கிறோம். பாடநூல் வானத்துக்கு வெளியே நின்று மேலிருந்து பார்க்கிறது. இரண்டு பார்வையையும் தலைக்குள் ஒரே சமயத்தில் வைத்துச் சுழற்றத் தெரிந்தவனுக்குப் பாடம் புரிகிறது, மற்றவன் மனப்பாடம் செய்கிறான். மீத்தேன் மூலக்கூறும் அப்படித்தான். பாடநூலில் சிலுவைபோல் தட்டையாக இருக்கும். உண்மையில் நான்கு ஹைட்ரஜனும் 109.5 பாகை விலகி நான்கு திசையில் நிற்கும். மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிய காந்தப் புலத்தைத் தாளில் புள்ளியும் பெருக்கல் குறியுமாகப் போட்டுக் காட்டுகிறோம், பிள்ளைகள் அதை ஏதோ கணக்குக் குறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1990களிலேயே கிறிஸ் டீடும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் மேக்ஸ்வெல்வேர்ல்டு என்று ஒன்றைச் செய்தார்கள். மாணவர் மின்புலத்துக்கு உள்ளேயே நின்று, மின்னூட்டத்தை நகர்த்தி, புலம் வளைவதைப் பார்க்கலாம். அன்றைய கருவி கனமானது, படம் மங்கலானது. பாடத்தைத் தேர்ந்தெடுத்த விதம் மட்டும் இன்றைக்கும் சரி.

மாறாக, துருப்பிடித்தல் பாடத்துக்கு விஆர் எதற்கு? ஆணியைத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் ஜன்னலில் வைத்தால் போதும். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது; திடலில் ஓடவிட்டு அளந்தால் பிள்ளையின் காலுக்கே தெரியும். மின்சுற்றுக்கு பேட்டரியும் பல்பும் இருக்கின்றன. இல்லாவிட்டால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. தலையில் எதையும் மாட்ட வேண்டியதில்லை.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 2018இல் ஜோஸ்லின் பராங், ரிச்சர்ட் மேயர் இருவரும் உடலின் செல்களைப் பற்றிய ஒரு பாடத்தைச் சிலருக்கு விஆரிலும் சிலருக்குச் சாதாரணப் படவில்லைகளிலும் நடத்திப் பார்த்தார்கள். விஆரில் படித்தவர்களுக்கு உற்சாகம் அதிகம். தேர்வில் மதிப்பெண் அதிகம் எடுத்தது படவில்லைக் கூட்டம். 2019இல் கீடோ மக்ரான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வுக்கூடச் செயலியை வைத்துச் செய்ததிலும் கிட்டத்தட்ட அதே கதை: அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. ஆனால் முதல் ஆய்வின் அடுத்த பகுதி எனக்கு மிகவும் உதவியது. விஆர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கற்றதைச் சொந்தச் சொல்லில் சுருக்கி எழுதச் சொன்னபோது, எழுதாமல் விஆர் மட்டும் பார்த்தவர்களைவிட அவர்கள் மேலே வந்தார்கள். என் முதல் வகுப்பு எங்கே கவிழ்ந்தது என்று அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. நான் மாட்டிவிட்டேன், கழற்றினேன், அடுத்தவனைக் கூப்பிட்டேன். நடுவில் எழுதவும் விடவில்லை, பேசவும் விடவில்லை.

முதல் வேலை: பிள்ளையின் தலையில் இருக்கும் படத்தை வெளியே எடுப்பது

ஹெட்செட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கேள்வி ஒன்றுதான்: நிலா ஏன் தேய்கிறது? எழுதச் சொல்லாதீர்கள், வரையச் சொல்லுங்கள். எழுதினால் பாடநூல் வாக்கியம் வந்துவிடும். வரைந்தால்தான் சொந்த நினைப்பு வரும்.

பினாங்குப் பிள்ளைகளிடம் நிலாவைப் பற்றிக் கேட்க ஊரே கைகொடுக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது மேலே முழுநிலா. தீபாவளிக்கு நிலாவைக் காணோம். சீனப் புத்தாண்டு நிலா இல்லாத நாளில் பிறக்கிறது, பதினைந்தாம் நாள் சாப் கோ மே வரும்போது முழுநிலா. மூன்கேக் விழாவுக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு போனால் வானத்திலும் ஒரு விளக்கு. நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்கிறார்கள். இத்தனையையும் கரும்பலகையில் எழுதி, எதற்கு எந்த நிலா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் வகுப்பே நிரப்பிவிடும். பிறகு, அப்படியானால் சீனப் புத்தாண்டுக்கும் சாப் கோ மேக்கும் நடுவில் நிலா எங்கே போய்விட்டு வந்தது என்று கேளுங்கள். சத்தம் அடங்கும். அந்த நேரத்தில் தாளைக் கொடுங்கள்.

தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தப்பு என்று சிவப்பு மையால் குறிக்க வேண்டாம். பிறகு பிள்ளையே குறித்துக்கொள்ளும்.

செயலியை வாங்குவதா, நாமே செய்வதா

எதை வாங்கினாலும் முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, கையில் பென்சிலும் தாளுமாக உட்காருங்கள். செயலி எங்கெங்கே பொய் சொல்கிறது என்று பட்டியல் போடுங்கள். எல்லாச் செயலியும் பொய் சொல்லும், சொல்லாமல் முடியாது.

கணக்கைப் பாருங்கள். பூமியை 30 சென்டிமீட்டர் பந்தாக வைத்தால் நிலா 8 சென்டிமீட்டர். அது நிற்க வேண்டிய தூரம் 9 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு வகுப்பறையின் நீளம். பந்தை ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தின் அடியில் வைத்தால் சூரியன் மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் கர்னி டிரைவ் பக்கம் பத்து மாடி உயரத்துக்கு நிற்க வேண்டும். இதை அப்படியே விஆரில் போட்டால் என்ன ஆகும்? பூமியிலிருந்து பார்க்க நிலா வானத்தில் அரைப் பாகைதான். மெட்டாவின் குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 20 திரைப் புள்ளி (பிக்சல்). ஆக நிலாவுக்குக் கிடைப்பது பத்துப் புள்ளி. பத்துப் புள்ளியில் பிறை எங்கே தெரியும்? அதனால்தான் செயலிகள் நிலாவைப் பெரிதாக்கி, பக்கத்தில் இழுத்து வைக்கின்றன. அது குற்றமில்லை, பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். நான் வகுப்பிலேயே பந்தை ஒரு மூலையிலும் பிங்பாங் பந்தைப்போல் இரண்டு மடங்கு அகலமான ஒன்றை எதிர்ச் சுவரிலும் வைத்துக் காட்டிவிட்டு, "இப்ப உள்ள போனா நிலா கிட்டவே இருக்கும், அது பொய்தான், பார்க்கிறதுக்காக இழுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிடுவேன்.

மொழியும் ஒரு சிக்கல். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றன. புதிய இடம், புதிய கருவி, புதிய கருத்து, அதன்மேல் வேற்று மொழியில் ஓயாமல் ஒரு குரல் என்றால் பதினொரு வயதுப் பிள்ளை எதைத்தான் கேட்கும்? ஒலியை அடைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்று தமிழில் பேசுகிறேன். வளர்பிறை, தேய்பிறை, அமாவாசை, பௌர்ணமி என்று வீட்டில் கேட்ட சொற்களே பாடத்திலும் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி.

கடைசியில் நாங்களே ஒன்றைச் செய்துகொண்டோம். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெற்றோர் நிறையப் பேர். நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவராவது எந்தப் பள்ளியிலும் இருப்பார், வெட்கப்படாமல் கேளுங்கள். விஆர் காட்சிகளை இணையப் பக்கமாகவே எழுத உதவும் ஏ-ஃப்ரேம் என்ற இலவசக் கட்டமைப்பு 2015இல் மொசில்லாவில் பிறந்தது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தால் போதும், ஹெட்செட்டின் உலாவியிலேயே திறக்கும். நிலவுப் பாடத்துக்கு வேண்டியது இரண்டு கோளம், ஒரு விளக்கு. நூறு வரிக்குள் முடியும். செய்பவர் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மட்டும் சொல்கிறேன்:

விளக்கு முதலில். சூரியனை மஞ்சள் கோளமாக மட்டும் வைத்துவிட்டு, விளக்கு என்று தனியாக ஒன்றை வைக்காமல் விட்டேன். நிலாவின் இருட்டுப் பக்கம் சாம்பல் பூசியதுபோல் தெரிந்தது, பிறையே உருவாகவில்லை. ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். நாமாக விளக்கு வைக்காவிட்டால் ஏ-ஃப்ரேம் தானாகவே இரண்டு விளக்கு வைத்துவிடும். அதில் ஒன்று எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் வெளிச்சம். ஒரே திசையிலிருந்து வரும் விளக்கு ஒன்றை நீங்களே வைத்தால் அவை இரண்டும் விலகிக்கொள்ளும். இருட்டு இருட்டாக இருக்கும்.

காட்சிக்குள் பிள்ளையின் கண்ணாக இருக்கும் கேமராவை நேரடியாக நகர்த்தாதீர்கள். கணினித் திரையில் வேலை செய்யும், ஹெட்செட்டில் பலிக்காது; தலையின் அசைவு அதன்மேல் எழுதிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் பெட்டிக்குள் கேமராவை வைத்து, பெட்டியை நகர்த்த வேண்டும்.

அதன் எழுத்துக் கருவியில் தமிழ் வராது. 'அமாவாசை' என்று எழுத வேண்டுமானால் அதைப் படமாகச் சேமித்து ஒரு பலகையில் ஒட்டுங்கள். பக்கத்தை ஏற்றி வைக்கும் தளம் பூட்டு அடையாளம் உள்ள பாதுகாப்பான முகவரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விஆர் பொத்தானே வராது. கிட்ஹப் பேஜஸ் இலவசம், அது போதும். பள்ளி வைஃபையை நம்பாமல், வகுப்புக்கு முன்பே எல்லா ஹெட்செட்டிலும் பக்கத்தைத் திறந்து வைத்துவிடுங்கள். ஏறிய பக்கம் இணையம் அறுந்தாலும் ஓடும், யாரும் மறுபடி ஏற்றாதவரை.

இனி முக்கியமானது. இந்தக் கட்டமைப்பில் நாம் கேட்டால் ஒழிய எந்தப் பொருளும் இன்னொன்றின் மேல் நிழல் வீழ்த்தாது. கணினிக்கு வேலை மிச்சம் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் முதலில் இதைக் குறை என்று நினைத்து, நிழலைக் கொண்டுவரப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. பூமிக்கு நிழலே இல்லாத ஓர் உலகம் கையில் கிடைத்திருக்கிறது. அந்த உலகத்திலும் நிலா வளர்கிறது, தேய்கிறது. நிழல்தான் காரணம் என்று நம்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

உடம்பும் அறையும்

மெட்டா நிறுவனம் தன் ஹெட்செட்டுகளை 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வரை கணக்கு பெற்றோர் பொறுப்பில் இருக்க வேண்டும். எனவே ஆண்டு 5, 6 தவிர மற்ற வகுப்புகளுக்கு நான் எடுப்பதில்லை. பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் வலிப்பு, கண் சிகிச்சை, பயணத்தில் வாந்தி எடுக்கும் பழக்கம் மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு 'ஆம்' என்றவர்களைக் கடைசியில், குறைந்த நேரத்துக்கு வையுங்கள். அவர்களுக்கு ஹெட்செட் இல்லாமலும் பாடம் முழுமையாக வேண்டும். அதைத் திட்டமிட்டு வைத்திருந்தால், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டிய நிலை வராது.

தலைசுற்றல் பெரும்பாலும் உடம்பு சும்மா இருக்கக் கண் மட்டும் ஓடுவதால் வருகிறது. ஆகவே பறப்பது, மிதப்பது எல்லாம் வேண்டாம். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது இமைப்பதுபோல் ஒரு கணம் இருட்டாக்கிவிட்டுத் தாவவைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உட்காரவைத்தே செய்யுங்கள், அலுவலகத்தில் இருக்கும் சுழல் நாற்காலி மூன்றை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும்.

கண்களுக்கு இடையிலான தூரம் பிள்ளைகளுக்குக் குறைவு. குவெஸ்ட் 2இலும் 3எஸ்-இலும் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலை இருக்கும். 58இல் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். படம் மங்கலாக இருக்கிறதா என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்றுதான் சொல்வார்கள், தங்கள் முறை பறிபோய்விடுமே என்ற பயம். 'பலகையில் என்ன எழுதியிருக்கிறது, படி' என்று கேளுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் ஹெட்செட்டின் வில்லை (லென்ஸ்) பனிபோல் மூடிக்கொள்ளும். காற்றாடிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டால் பாதி குறையும். முகம் படும் பஞ்சுக்குச் சிலிக்கோன் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பிறகும் துடையுங்கள். வில்லையை மட்டும் ஸ்பிரிட் இல்லாமல், காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால். வெயில் படும் ஜன்னலோரம் கழற்றி வைக்கவே கூடாது. வில்லை பூதக்கண்ணாடி வேலை செய்து உள்ளே திரையைச் சுட்டுவிடும்.

அந்த 60 நிமிடம்

27 பேர், மூன்று ஹெட்செட். ஒருவருக்கு மூன்று நிமிடம், மாட்டிக் கழற்றித் துடைக்க ஒரு நிமிடம். ஒன்பது சுற்று, 36 நிமிடம். இரண்டு பாடவேளைக்குள் அடங்கும். ஒரே ஹெட்செட் என்றால் 108 நிமிடம், நடக்காது. அப்போது ஒருவரை மாட்டவைத்து, காட்சியைப் புரொஜெக்டரில் விட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று வகுப்பே கட்டளையிடட்டும். திரையில் ஆழம் தெரியாது, ஆனாலும் சும்மா வரிசையில் நிற்பதைவிட நூறு மடங்கு மேல்.

ஹெட்செட் பக்கம் எப்போதும் இருவர். ஒருவர் மாட்டியவர், இன்னொருவர் எழுத்தர். மாட்டியவர் பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைக் கேட்டே வரைய வேண்டும். இந்த ஓர் ஏற்பாடுதான் என் வகுப்பை மாற்றியது. தனியாகப் பார்த்தால் 'வாவ்' என்பதோடு முடிந்துவிடும். கேட்டு வரைய ஒருவன் காத்திருக்கிறான் என்றால், எந்தப் பக்கம் வெளிச்சம், இடதா வலதா, பாதியா பாதிக்கும் குறைவா என்று சொல் தேட வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் வகுப்பின் மறுபாதியில் ஒரு விளக்கும், பென்சில் முனையில் குத்திய பந்துமாக இதையே கையால் செய்து பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் பல பிள்ளைகளுக்கு அந்தப் பந்தே போதும்.

மூன்று நிமிடத்தை நான் இப்படிப் பங்கிடுகிறேன். முதல் நிமிடம் வெளியே நிற்பது: பூமி நடுவில், நிலா சுற்றி வருகிறது, சூரிய வெளிச்சம் வலப்புறமிருந்து. ஒரே ஒரு கேள்வி: நிலாவில் எவ்வளவு பங்கு வெளிச்சமாக இருக்கிறது? எங்கே நின்றாலும் பாதி. இதைப் பிள்ளையின் வாயிலிருந்து வரவழைக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். இரண்டாம் நிமிடம் பூமிக்குத் தாவுவது. தாவும் முன்னே, இறங்கினால் நிலா எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வார். பிறகு தாவி, நாற்காலியைச் சுழற்றி நிலாவின் பின்னாலேயே போகவேண்டும். மூன்றாம் நிமிடம் அரைநிலவில் நிறுத்தி, மறுபடி வெளியே வந்து, பூமியின் நிழலைத் தேடுவது.

ஒரு ஜோடியிடம் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டியிருந்த பெண் நல்ல படிப்பாளி. முதல் தாளில் நிழலை அழகாக நிறம் தீட்டியிருந்தவள்.

"நிழலே காணோமே டீச்சர்."

"நல்லாப் பாரு."

தலையை மேலும் கீழும் ஆட்டித் தேடினாள். பென்சிலோடு பக்கத்தில் இருந்த பையன் பொறுக்காமல், "நிழல் இல்லாம எப்படித் தேயும்? நீ சரியாப் பார்க்கல லா" என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை. கன்ட்ரோலரை அழுத்தி மறுபடி பூமிக்குத் தாவினாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "நிலா அப்படியேதான் இருக்கு. வெளிச்சம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எனக்குத்தான் முழுசாத் தெரியல" என்றாள்.

பையன் தன் தாளைப் பார்த்தான், அழிப்பானை எடுத்தான்.

கழற்றிய பிறகு

கழற்றியதும் பேச விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிட்டால் சொல்ல வேண்டியது தீர்ந்துவிடும், தாளில் இறங்காது. நேராகப் போய் அதே கேள்விக்குப் புதிய தாளில் வரையட்டும். எல்லோரும் முடித்ததும் போன வாரத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எது மாறியது என்று இரண்டு வரி எழுதட்டும்.

புரிந்ததா, பார்த்ததைத் திருப்பிச் சொல்கிறார்களா என்று அறிய, விஆரில் காட்டாத ஒன்றைக் கேட்க வேண்டும். என்னுடைய கேள்வி: நம் வீட்டில் அமாவாசை அன்று நீ நிலாவில் நின்றுகொண்டிருந்தால் பூமி எப்படித் தெரியும்? முழு வட்டமாக ஜொலிக்கும் என்று காரணத்தோடு சொல்பவனுக்குப் பாடம் சேர்ந்துவிட்டது. இதே கேள்வியை இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், மறுபடி கேளுங்கள்.

வானத்தையும் விடக்கூடாது. பாடத்தை அமாவாசைக்கு முந்தைய நாட்களில் வைத்தால், மூன்றாம் பிறையிலிருந்து முழுநிலா வரை பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துக் குறிக்கலாம்: தேதி, நேரம், திசை, வடிவம். செப்டம்பர், அக்டோபரில் மழை மேகம் படுத்தும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் பெரும்பாலும் தெளிவு. மூன்றாம் பிறையைச் சூரியன் இறங்கியதும் ஏழரை, எட்டு மணிக்கு மேற்கே தேடச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும் வீடுகளில் இந்த வேலை தானாக நடக்கும், மூன்றாம் பிறை பார்ப்பது அவர்களுக்குப் புண்ணியம்.

அப்போது ஒரு பிள்ளையாவது வந்து, "டீச்சர், புக்ல நிக்குது, எங்க வீட்டு மேல படுத்திருக்கு" என்று சொல்லும். சரிதான். பாடநூல் படங்களில் பிறை நின்றுகொண்டிருப்பது வடக்கே வெகு தொலைவில் இருப்பவர்கள் பார்க்கும் கோலம். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைதான்; சூரியன் நேராகக் கீழே இறங்குகிறது, பிறையின் வெளிச்சப் பக்கமும் கீழ்நோக்கி, படகுபோல் மிதக்கிறது. சொந்தமாகச் செய்பவர்கள், பூமியில் நிற்கும்போது கேமரா இருக்கும் அந்த வெற்றுப் பெட்டியைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 90 பாகை உருட்டிவிடுங்கள். நம் வானம் வந்துவிடும்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு

படிவம் 4, 5 எடுப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது, பிள்ளைகள் வளர்ந்தவர்கள். மூலக்கூறு வடிவங்களுக்கு நானோம் செயலி நன்றாக இருக்கிறது, கையில் பிடித்துத் திருப்பலாம். காந்தப் புலத்துக்கு எனக்குப் பிடித்தது ஓப்பன் பிரஷ். அது வெறும் ஓவியச் செயலி, காற்றில் வரைவது. நடுவில் ஒரு கம்பியை வரைந்துவிட்டு, புலம் எப்படிச் சுற்றும் என்று மாணவனையே வரையச் சொல்லுங்கள். தெரியாதவன் கை காற்றில் நின்றுவிடும். முன்கூட்டியே வரைந்து காட்டும் செயலியில் அது தெரியவே தெரியாது.

அடுத்த ஆண்டு அதே வானம்

ஆண்டு 6இல் கிரகணம் வருகிறது. புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், அதே பக்கத்தை எடுத்து நிழலை மட்டும் இயக்குங்கள்: விளக்குக்கு நிழல் வீழ்த்தும் அனுமதி, இரு கோளங்களுக்கும் வீழ்த்தவும் வாங்கவும் அனுமதி. நிலாவின் பாதையை முதலில் தட்டையாகவே வையுங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று சுற்றுக்குள் பிள்ளைகளே சண்டைக்கு வருவார்கள், தைப்பூசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் நிலா இருட்டாகவா போகிறது என்று. அப்போது பாதையைச் சாய்க்கலாம்.

சாய்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. உண்மையான சாய்வு 5 பாகை. நிலா உண்மையான தூரத்தில், அதாவது 30 பூமி அகலத்துக்கு அப்பால் இருக்கும்போது, அந்த 5 பாகையால் அது நிழலுக்கு மேலே இரண்டரைப் பூமி அகலம்வரை உயர்ந்து தப்பிப் போகும். நாமோ நிலாவைப் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறோம். ஆறு பூமி அகலத் தூரத்தில் 5 பாகை என்பது அரைப் பூமி அகலத்துக்குச் சற்றே அதிகம். நிலாவின் விளிம்பு நிழலில் உரசிக்கொண்டே போகும், கிரகணம் நிற்காது. 25 பாகையாகச் சாய்த்தால் தப்பிக்கும். அல்லது தூரத்தை 30 ஆக்கிவிட்டு, வெளியே நின்று மட்டும் பார்க்கலாம். நான் இரண்டையும் காட்டுகிறேன், 25 பொய், 5 மெய் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு.